செந்தூல் தீமோர்: பட்டறை ஊரின் கடைசி நிலையம்

அம்பாங்கிலிருந்து வரும் எல்ஆர்டி இலகு ரயிலும் புத்ரா ஹைட்ஸிலிருந்து வரும் எல்ஆர்டியும் சான் சோவ் லினில் ஒரே பாதையில் சேர்ந்து, கோலாலம்பூரைக் கடந்து வடக்கே ஓடி, செந்தூல் தீமோரில் நிற்கின்றன. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. இறங்குகிறவர்கள் அடுக்குமாடிகளுக்கும் பசாருக்கும் பிரிந்து போகிறார்கள். பக்கத்தில் ஓடும் கேடிஎம் (மலாயா ரயில்வே) தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் ஒரு காலத்தில் மலாயாவின் ரயில் எஞ்சின்கள் எல்லாம் மராமத்துக்கு வந்தன. இது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது, ஈயத்தைக் கப்பலில் ஏற்ற. அடுத்த இருபது ஆண்டுகளில் பாதைகள் நீண்டன. எஞ்சின்கள் பெருகின. அவற்றைப் பிரித்துப் பூட்ட ஒரு பெரிய இடம் வேண்டியிருந்தது. 1905 வாக்கில் செந்தூலில் மத்தியப் பட்டறை எழுந்தது. வார்ப்பட்டறை, கொல்லுப்பட்டறை, பாய்லர் பிரிவு, கடைசல், தச்சு, பெயின்ட் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கொட்டகை. உச்சத்தில் ஏறத்தாழ 5,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். பெரும்பகுதி நம்மவர்கள். கணக்குப் புத்தகங்களுக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள். சுத்தியலும் அரமும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கையில் இருந்தன.

என் தாத்தா பாய்லர் பிரிவில் இருந்தார். பாய்லருக்குள்ளே ஒருவர் குந்தி உட்கார்ந்து ரிவெட்டைத் தாங்கிப் பிடிக்க, வெளியே இன்னொருவர் அடிப்பார். உள்ளே இருப்பவருக்கு அந்தச் சத்தம் நேராகக் காதில் இறங்கும். நாற்பது வயதிலேயே தாத்தாவுக்குக் காது மந்தம். பாட்டி அவரிடம் சாப்பிட வாருங்கள் என்று சொல்வது அடுத்த குவாட்டர்ஸ் வரை கேட்கும். அந்த வரிசையில் பல வீடுகளில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் செந்தூல் ஆட்களைச் சண்டைக்காரர்கள் என்று நினைத்ததற்கு இந்தக் காது மந்தமும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்பாவும் அதே பட்டறையில் ஃபிட்டர். காலையில் சங்கு ஊதினால் அவர் சைக்கிளை எடுப்பார், எங்களுக்குப் பள்ளிக்கூட நேரம். எங்கள் வீட்டுக்குத் தனியாகக் கடிகாரம் தேவைப்படவில்லை.

1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தப் பட்டறையைக் குண்டு வீசி நொறுக்கின. அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர்களின் ரயிலை முடக்குவது நோக்கம். வங்காளத்தில் கரக்பூர் பகுதித் தளங்களிலிருந்து அவை பறந்து வந்தன. கரக்பூரும் ரயில்வே பட்டறை ஊர். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தாத்தா அந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஜப்பானியர்களால் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களைப் பற்றித்தான் பேசுவார்.

போர் முடிந்ததும் பட்டறையை மீண்டும் கட்டினார்கள். 1957இல் மெயின் லைன் டீசல் எஞ்சின்கள் வந்தன. பாய்லர் வேலை மெல்லக் குறைந்தது. 1962 இறுதியில் ரயில்வே தொழிலாளர்கள் தினக்கூலியை மாதச் சம்பளமாக்கக் கேட்டு மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் என்று அம்மா சொல்வார். நமக்கு மாதச் சம்பளம் என்ற கௌரவம் சும்மா கிடைக்கவில்லை.

எல்ஆர்டி வந்த கதை சுருக்கமானது. 1996 டிசம்பர் 16 அன்று சுல்தான் இஸ்மாயிலுக்கும் அம்பாங்குக்கும் இடையே ஸ்டார் எல்ஆர்டி ஓடத் தொடங்கியது. 1998 டிசம்பர் 6 அன்று செந்தூல் தீமோர் வரை நீண்டது. அம்பாங் பக்கம் அது பழைய ரயில்வே கிளைப் பாதை கிடந்த தடத்திலேயே போகிறது. கேடிஎம் தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டர், எல்ஆர்டியுடையது 1,435. அருகருகே ஓடினாலும் ஒன்றின் பெட்டி மற்றதில் ஏறாது. முதல் எல்ஆர்டி பெட்டிகள் ஆஸ்திரேலியாவின் மேரிபரோவிலிருந்து வந்தன. ஸ்டேஷன் திறந்த புதிதில் அப்பா ஒரு பெட்டியின் கீழே குனிந்து சக்கரத்தைப் பார்க்க முயன்றார். காவலர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஓய்வு பெற்ற ஃபிட்டர் என்று நான் விளக்கியதும், அவர் அப்பாவைப் பக்கத்தில் அழைத்து, வண்டி புறப்படும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

பட்டறை வேலை பிற்பாடு பேராவில் பத்து காஜாவுக்கு இடம் மாறியது. செந்தூல் மேற்கில் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005இல் நிகழ்த்துகலை மையமாக மாறியது. அந்தச் செங்கல் சுவர்கள் நின்றதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. சுவர்களைக் காப்பாற்றியவர்கள் நல்ல காரியம் செய்தார்கள். உள்ளே உழைத்தவர்களின் பெயர்களைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம். 2023இல் அந்தப் பக்கமும் செந்தூல் பாராட் என்று எம்ஆர்டி நிலையம் வந்துவிட்டது. கிழக்கில் தீமோரிலும் மேற்கில் பாராட்டிலும் ரயில் நிற்கிறது, நடுவில் இருந்த மனிதர்கள்தான் காணவில்லை.

செந்தூல் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் வேலைச் சான்றிதழோ, தொழிற்சங்கச் சந்தா அட்டையோ, பட்டறை வாசலில் எடுத்த குழுப் படமோ இருந்தால் எடுத்து வையுங்கள். படத்தில் இருப்பவர்களைத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு ஒவ்வொருவர் பெயரையும், செய்த வேலையையும் பின்பக்கத்தில் எழுதுங்கள். பிரதி எடுத்துத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.