ஒன்பது நாட்கள் போதாத துறவி

முன்பணம் கட்டிவிட்டால் கப்பல், உணவு, வழிகாட்டி, சுங்கம், கழுதை வாடகை எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துக்கொள்வார். நாம் புனிதத் தலங்களைத் தரிசித்துத் திரும்பினால் போதும். இத்தகைய ஏற்பாடு நவீன சுற்றுலா நிறுவனங்களின் கண்டுபிடிப்பு என்றே பலரும் எண்ணியிருப்போம். பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் நகரில் இது நன்கு வேரூன்றிய தொழிலாக இருந்தது. எருசலேம் செல்ல விரும்பிய ஐரோப்பியக் கிறித்தவர் வெனிஸுக்கு வந்து, துடுப்புக் கப்பலின் தலைவனோடு எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொண்டு கடலேறினார். குடியரசின் அரசு இத்தொழிலைக் கண்காணித்தது.

அக்காலத்தில் அவ்வாறு சென்றவர்கள் பலர். அவர்களுள் ஃபெலிக்ஸ் ஃபாப்ரி என்ற தொமினிக்கன் துறவியை நாம் தனியே நினைவுகூர ஒரு காரணம் உண்டு. அவர் ஒருமுறை சென்று வந்து, தாம் எதையும் காணவில்லை என்று உணர்ந்து, மீண்டும் சென்றவர்.

சூரிச்சில் 1441ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து, தென் ஜெர்மனியின் உல்ம் நகர மடத்தில் வாழ்ந்தவர் ஃபாப்ரி. முதல் பயணத்திற்கு முன்பு அவர் கடலையே கண்டதில்லை. கேள்விப்பட்டதை வைத்து அதற்கு அஞ்சினார். எருசலேம் சென்று திரும்பியிருந்த வூர்ட்டம்பெர்க் கோமகன் எபர்ஹார்டிடம் யோசனை கேட்டபோது, திருமணம், போர், திருக்கல்லறை யாத்திரை ஆகிய மூன்றிலும் எவரையும் செய் என்றும் சொல்லக்கூடாது, செய்யாதே என்றும் சொல்லக்கூடாது என்ற பொருளில் அவர் விடையளித்தாராம்.

1480இல் ஃபாப்ரி புறப்பட்டார். ஆண்டு நல்ல ஆண்டன்று. ஒட்டோமான் படை ரோட்ஸ் தீவை முற்றுகையிட்டிருந்தது. செய்தி கேட்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. துணிந்து ஏறியவர்களுள் செல்வம் படைத்த ஆறு மூதாட்டிகளும் இருந்தனர். தள்ளாத கிழவிகளோடு ஒரே கப்பலில் செல்வது தம் வீரத்திற்கு இழுக்கு என்று இளம் பிரபுக்கள் சிலர் முகம் சுளித்தனர். திரும்பும் வழியில் பிரபுக்கள் நோயுற்று விழுந்தபோது, உடல் தளராமல் நின்று அவர்களுக்குப் பணிவிடை செய்தவர்கள் அந்த மூதாட்டிகளே. ஃபாப்ரி இதை மறவாமல் எழுதி வைத்திருக்கிறார்.

புனித நாட்டில் அவர்களுக்குக் கிடைத்தவை ஒன்பது நாட்கள். இரவும் பகலுமாகத் தலம் தலமாக ஓட்டிச் செல்லப்பட்டார்கள். ஓரிடத்தில் முழந்தாளிட்டு எழுவதற்குள் அடுத்த இடத்திற்கு அழைப்பு வந்துவிடும். ஊர் திரும்பிய ஃபாப்ரி, கண்டவற்றை நினைவில் ஒழுங்குபடுத்த முயன்றார். ஒலிவ மலை எங்கே, பெத்லகேம் எந்தத் திசையில், கல்வாரிக்கும் கல்லறைக்கும் இடையே எவ்வளவு தொலைவு என எதுவும் தெளிவாக இல்லை. இருளில் நடந்து வந்தவனைப் போலத் தம்மை உணர்ந்தார். மடத்து நூல்களில் எருசலேமைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கினார். வாசிக்க வாசிக்க, மீண்டும் போக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதைப் பலகாலம் வெளியே சொல்லவும் தயங்கினார். கட்டுப்பாடுள்ள மடத்துத் துறவி இரண்டாம் முறை ஊர்சுற்றக் கிளம்புவதை உலகம் எப்படிப் பார்க்கும்?

1483 ஏப்ரலில் நான்கு பிரபுக்களுக்கு ஆன்மகுருவாக அவர் மீண்டும் கிளம்பினார். வெனிஸின் புனித மாற்கு பேராலயத்தின் முன்பு, வெண்துணியில் செஞ்சிலுவை பொறித்த கொடிகளை நாட்டி இரு கப்பல் தலைவர்களின் ஆட்கள் யாத்திரிகர்களைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தனர். ஒருவரைப் பற்றி மற்றவர் புறங்கூறினர். கப்பலைக் காட்டி, கிரேத்தா தீவின் மதுவும் அலெக்ஸாந்திரியாவின் இனிப்புகளும் கொடுத்து உபசரித்தனர். இறுதியில் ஃபாப்ரியின் குழு பியெத்ரோ லாந்தோ என்பவரின் கப்பலைத் தேர்ந்தது.

அந்த ஒப்பந்தத்தின் விதிகளை ஃபாப்ரி ஒன்றுவிடாமல் பதிவு செய்திருக்கிறார். ஆளுக்கு 40 டுகாட் பொற்காசுகள். பாதி வெனிஸில், மீதி யாப்பா துறைமுகத்தில். நாளுக்கு இருவேளை உணவு. கோழிகளை வைத்துக்கொள்ள இடம். தம் சமையற்காரர் அடுப்பைப் பயன்படுத்த அனுமதி. துடுப்பு வலிப்போரின் தொல்லையிலிருந்து பாதுகாப்பு. வழியில் ஒருவர் இறந்தால் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். இவற்றுக்கிடையே ஒரு விதி நம்மை நிறுத்துகிறது: புனித நாட்டில் யாத்திரிகர்களை உரிய காலம் தங்கவிட வேண்டும், அவசரப்படுத்தி ஓட்டக்கூடாது, யோர்தான் நதிக்குத் தலைவனே உடன் வர வேண்டும். ஒன்பது நாட்களில் எருசலேமைத் தவறவிட்ட மனிதருக்கு இந்த விதியின் அருமை தெரியாமல் இருந்திருக்காது.

கப்பலின் உட்புறம் இருண்டது. தலையைக் கப்பற்சுவர்ப் பக்கமும் காலை நடுப்பக்கமும் வைத்து, ஒருவரையொருவர் இடித்தபடி படுக்க வேண்டும். கீழ்த்தளத்தில் கப்பல் கவிழாதிருக்கக் கொட்டிய மணலில் மதுப்புட்டிகளையும் முட்டைகளையும் புதைத்துக் குளிர்ச்சியாகப் பாதுகாத்தனர். இத்தகைய நெருக்கடியிலும் ஃபாப்ரி எழுதாத நாளில்லை. புயலிலும், பின்னர் கழுதை மீதும் ஒட்டகத்தின் மீதும் அமர்ந்தபடியும் மெழுகுப் பலகையில் குறித்துக்கொண்டார்.

எருசலேம் அன்று எகிப்திய மம்லுக் சுல்தான் கைத்பேயின் ஆட்சியில் இருந்தது. வழியில் ரம்லாவில், சீயோன் மலைப் பிரான்சிஸ்கன் துறவிகளின் தலைவர் யாத்திரிகர்களுக்கு நடத்தை விதிகளை வாசித்துக் காட்டினார். முஸ்லிம்களின் கல்லறைகளை மிதிக்கக் கூடாது, புனிதக் கற்களைப் பெயர்த்தெடுக்கக் கூடாது, சுவர்களில் பெயரையோ குலச்சின்னத்தையோ கீறக் கூடாது. விதி இருந்தும் பிரபுக்கள் கீறத்தான் செய்தார்கள். ஃபாப்ரி அவர்களைக் கடுமையாகச் சாடுகிறார். திருக்கல்லறை ஆலயத்தின் சாவி அன்றும் முஸ்லிம் காவலர்களிடமே இருந்தது. யாத்திரிகர்களை எண்ணி உள்ளே விட்டு, இரவு முழுவதும் பூட்டிவிடுவார்கள். உள்ளேயே வணிகர்கள் கடைவிரிக்க, செபிக்க வந்தவர்களுள் சிலர் இரவெல்லாம் பேரம் பேசினார்கள்.

ஃபாப்ரி தம் காலத்தின் மனிதர். முஸ்லிம்களையும் யூதர்களையும் பற்றி அவர் எழுதிய பல பகுதிகளை இன்று கூச்சத்தோடுதான் கடக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் அதே நூலில் இன்னொன்றும் உண்டு. 1480இல் அவருக்குக் கழுதை ஓட்டிய ஒரு முஸ்லிமை 1483இல் மீண்டும் சந்திக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு மகிழ்ந்து தழுவிக்கொள்கின்றனர். அவனுக்கென்றே உல்மிலிருந்து கொண்டுவந்திருந்த ஓர் இணை இரும்பு அங்கவடிகளை ஃபாப்ரி பரிசளிக்கிறார். முதல் பயணத்தில் தலங்கள் கலங்கிப்போயின. ஒரு கழுதையோட்டியின் முகம் மட்டும் மூன்றாண்டுகள் நினைவில் தங்கியிருந்திருக்கிறது.

இம்முறை மற்ற யாத்திரிகர்கள் கப்பலுக்குத் திரும்பிய பிறகும் மிகச் சிலர் மட்டும் தங்கினர். பாலைவனம் கடந்து சீனாய் மலையின் புனித கத்தரீனாள் மடத்தை அடைந்து, கெய்ரோ வழியாக அலெக்ஸாந்திரியா சேர்ந்து, வெனிஸின் வாசனைத் திரவியக் கப்பல்களில் இடம் பிடித்தார்கள். நம் மேற்குக் கரையின் மிளகு செங்கடல் வழியே ஐரோப்பா சென்ற பாதை அது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்து, அப்பாதைக்குப் போட்டி தொடங்கவிருந்தது. 1484 ஜனவரியில் ஃபாப்ரி உல்ம் திரும்பினார்.

சீனாய் வரை அதே வழியில் சென்ற பெர்ன்ஹார்ட் வான் பிரைடென்பாக், ஓவியர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தார். அவருடைய நூல் மரச்செதுக்குப் படங்களுடன் 1486இல் மைன்ஸ் நகரில் அச்சாகிப் புகழ்பெற்றது. ஃபாப்ரி இலத்தீனில் எழுதிய மாபெரும் நூலோ 1843 முதல் 1849 வரை மூன்று தொகுதிகளாக வெளிவரும்வரை அச்சேறவில்லை. அதற்கு அவர் இட்ட பெயர் ‘எவகாதோரியம்’. புனித யாத்திரை என்று பெருமையாகப் பெயரிடாமல், சுற்றித்திரிந்த கதை என்ற பொருளில் அவ்வாறு அழைத்தார்.

அவருடைய மற்றொரு நூலே இக்கதையின் கனி என்று எனக்குத் தோன்றுகிறது. சுவாபியப் பகுதியின் தொமினிக்கன் கன்னியர் மடங்களிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. மடத்தின் மதிலைத் தாண்ட அக்கன்னியருக்கு அனுமதியில்லை. மனத்தளவிலேனும் யாத்திரை செய்ய ஒரு நூல் வேண்டும் என்றார்கள். 1492ஆம் ஆண்டையொட்டி அவர்களுக்காக ஜெர்மன் மொழியில் ‘சீயோன் யாத்திரிகர்’ என்ற நூலை எழுதினார். நாளுக்கு ஒரு கட்டமாக 200க்கும் மேற்பட்ட நாட்களின் பயணம் அது. உரோமையும் சந்தியாகோவும் அதில் உண்டு. கப்பலேறும் பிரபுக்களோடு இந்த மடத்து யாத்திரிகர்களை ஒப்பிட்டு, இவர்களுக்கே வசதி அதிகம் என்கிறார் ஃபாப்ரி. பொற்காசு வேண்டாம், புயல் அச்சமில்லை, காவலர் வந்து விரட்டமாட்டார். விரும்பிய தலத்தில் விரும்பிய நேரம் தங்கலாம்.

ஆறுதலுக்காகச் சொன்ன உபசார வார்த்தை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. உடலால் சென்றும் காணாமல் திரும்பியவரின் அனுபவம் இதற்குப் பின்னால் இருக்கிறது. 1480இல் கப்பல் தலைவன் தமக்குத் தராத அவகாசத்தை, கடலையே காணப்போகாத அந்தப் பெண்களுக்கு ஃபாப்ரி ஒரு நூலின் வழியே அளித்தார். அது அவருக்குச் சாத்தியமானது, இரண்டாம் முறை சென்று, நின்று பார்த்து, ஒவ்வொரு நாளும் எழுதி வைத்ததால்தான்.