உணவக மெனுவில் கலோரி அறிவிப்பு

உணவகத்தின் மெனு அட்டையிலும் கல்லாவுக்கு மேலுள்ள விலைப்பலகையிலும் ஒவ்வொரு பண்டத்தின் பெயருக்கும் விலைக்கும் பக்கத்தில் அதன் கலோரி அளவைக் குறிப்பிடும் முறை. மெனுவில் ‘கலோரி’ என்று எழுதப்படுவது அறிவியல் கணக்கில் கிலோகலோரி. நியூயார்க் நகரில் 2008இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு பின்னர் அமெரிக்கா முழுவதற்கும், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்துக்கும், இங்கிலாந்துக்கும், இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. எண்ணைப் பார்த்தால் மனிதர் அளவோடு சாப்பிடுவார் என்ற நம்பிக்கையில் பிறந்த சட்டம் இது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இது சாப்பிடுபவரைக் கொஞ்சமாகவும் சமையற்கட்டை அதைவிடக் கூடுதலாகவும் மாற்றியிருப்பது தெரிகிறது.

தோற்றம்

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவுகளில் ஊட்டச்சத்து விவரம் அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. உணவகங்களுக்கு விலக்கு அளித்தது. வெளியில் சாப்பிடும் பழக்கம் பெருகப் பெருக அந்த விலக்கு பெரிய ஓட்டையாகிவிட்டது. பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது; தட்டில் வந்த பர்கரைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

கண்ணால் பார்த்து மதிப்பிடலாமே என்றால், அதில் மனிதர்கள் மோசமாகத் தவறுகிறார்கள். துரித உணவகங்களில் வாங்கியவர்களின் ஊகத்தை அவர்கள் கையிலிருந்த ரசீதோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. பெரியவர்கள் சராசரியாக 175 கலோரியும் பதின்வயதினர் 259 கலோரியும் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் குறைந்தது 500 கலோரி தவறவிட்டார். அதிலும், உடம்புக்கு நல்லது என்று பெயரெடுத்த சப்வே கடையில் இந்தப் பிழை கூடுதலாக இருந்தது.

மைக்கேல் புளூம்பெர்க் மேயராகவும் தாமஸ் ஃப்ரீடன் சுகாதார ஆணையராகவும் இருந்தபோது, 2006 டிசம்பரில் நியூயார்க் நகரச் சுகாதார வாரியம் முதல் விதியை இயற்றியது. ஏற்கெனவே தாமாக முன்வந்து கலோரி விவரம் வெளியிட்டுவந்த உணவகங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. உணவக உரிமையாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது; கூட்டாட்சிச் சட்டத்தோடு மோதுவதாகக் கூறி 2007இல் நீதிமன்றம் விதியை ரத்துசெய்தது. வாரியம் பின்வாங்கவில்லை. நாட்டில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள எல்லா உணவகங்களுக்கும் பொருந்தும்படி 2008 ஜனவரியில் விதியைத் திருத்தி எழுதியது. அந்த ஆண்டு ஜூலையில் அபராதம் விதிப்பது தொடங்கியது.

ஒபாமா காலத்து 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 20 கிளைகளுக்குக் குறையாத உணவகங்கள் அனைத்துக்கும் இதைத் தேசிய அளவில் கட்டாயமாக்கியது. பீட்சா நிறுவனங்களும் பேரங்காடிகளும் கடுமையாக எதிர்த்தன. கெடு பலமுறை தள்ளிப்போய், 2018 மே 7 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் ஏற்ற ஒரு விதி கடைப்பலகைக்கு வந்துசேர எட்டு ஆண்டுகள்! நிறுவனங்கள் இந்த எண்ணுக்கு எவ்வளவு அஞ்சின என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாப்பிடுபவரிடம் ஏற்பட்ட மாற்றம்

முதல் ஆய்வு முடிவு ஏமாற்றமளித்தது. நியூயார்க்கில் ஏழை மக்கள் வாழும் பகுதிகளையும், இந்தச் சட்டம் இல்லாத நெவார்க் நகரையும் ஒப்பிட்டு 1,156 பேரின் ரசீதுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். எண்ணைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் கால்வாசிப் பேருக்குச் சற்று மேல், அது தங்கள் தேர்வை மாற்றியது என்றார்கள். ரசீது அப்படிச் சொல்லவில்லை: வாங்கிய கலோரி குறையவே இல்லை.

ஸ்டார்பக்ஸ் கடைகளின் கோடிக்கணக்கான விற்பனைப் பதிவுகளை அலசிய 2011ஆம் ஆண்டு ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. ஒரு பில்லுக்குச் சராசரியாக 6 சதவீதம் கலோரி குறைந்திருந்தது. காப்பியில் மாற்றமில்லை, கூட வாங்கும் கேக், மஃபின் வகைகளில்தான் குறைவு. காப்பிக்காக வந்தவர் காப்பியை விடமாட்டார், பக்கத்திலுள்ள பண்டத்தை விட்டுவிடுவார் என்பது இதன் பொருள்.

அதே ஆண்டு வந்த, நியூயார்க்கின் 11 உணவக நிறுவனங்களைப் பற்றிய ஆய்வில் மொத்தத்தில் குறைவு தென்படவில்லை. ஆனால் எண்ணைப் பயன்படுத்தியதாகச் சொன்ன ஏறத்தாழ ஆறில் ஒருவர், மற்றவர்களைவிட 106 கலோரி குறைவாக வாங்கியிருந்தார். மெக்டொனால்ட்ஸிலும் கேஎஃப்சியிலும் அளவு இறங்கியது, சப்வேயில் ஏறியது. ஓரடி நீளச் சாண்ட்விச் ஐந்து டாலர் என்று அப்போது சப்வே விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தது. கலோரி எண்ணும் விலைக்குறைப்பும் ஒரே பலகையில் மோதினால் எது வெல்லும் என்பதற்கு இது நல்ல பாடம்.

பழகிப்போவதும் ஒரு சிக்கல். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 104 துரித உணவகங்களை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், எண் வைத்தவுடன் ஒரு பில்லுக்கு 60 கலோரி குறைந்தது. பிறகு வாரத்துக்கு முக்கால் கலோரிக்குச் சற்றுக் குறைவாக மெல்ல ஏறி, ஓராண்டு முடிவில் குறைவு 23 கலோரியாகச் சுருங்கியது. நம்பகமான ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2025இல் தந்த கணக்கில் குறைவு 1.8 சதவீதம், அதாவது 600 கலோரி உணவில் 11 கலோரி. இங்கிலாந்தில் 250 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் 6 முதல் கலோரி அறிவிப்பு கட்டாயம். அங்கு நடந்த மதிப்பீட்டில் எண்ணைக் கவனிப்பவர்கள் கூடினார்கள், சாப்பிடும் அளவு மாறவில்லை.

எண்ணை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். பண்டத்தின் பெயருக்கு இடப்பக்கம் எழுதினால் மக்கள் குறைந்த கலோரியைத் தேர்ந்தெடுத்தார்கள். வலப்பக்கம் எழுதினால் அந்த விளைவு இல்லை. வலமிருந்து இடமாகப் படிக்கும் ஹீப்ரு மொழியினரிடம் இது தலைகீழாயிற்று. கண்ணில் முதலில் படுவதுதான் மனதைத் தொடுகிறது. தமிழும் இடமிருந்து வலமாகப் படிக்கும் மொழிதான்.

சமையற்கட்டில் ஏற்பட்ட மாற்றம்

தன் பலகையில் 1,500 என்று எழுத எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. அமெரிக்காவில் தேசிய விதிக்குப் பின் அறிமுகமான புதிய பண்டங்களில், முன்பு அறிமுகமானவற்றைவிடச் சராசரியாக 113 கலோரி, ஏறத்தாழ கால்பங்கு, குறைவாக இருந்ததாக 2021இல் ஓர் ஆய்வு கண்டது. பழைய பண்டங்கள் அப்படியே இருந்தன. பலகையை ஏறிட்டும் பார்க்காதவருக்கும் இந்தப் பலன் கிடைக்கிறது. இச்சட்டத்தின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது.

குறைகள்

கலோரி ஆற்றலின் அளவு மட்டுமே. உப்பையும் சர்க்கரையையும் பற்றி அது எதுவும் சொல்லாது. அதனால் நியூயார்க் நகரம், 2,300 மில்லிகிராமுக்குக் குறையாத சோடியம் உள்ள பண்டத்துக்கு உப்புக்குடுவைச் சின்னம் இடுவதை 2015 டிசம்பர் முதல் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டு பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரக்குறி இட்டு, 2023 டிசம்பர் இறுதியில் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் அதை நீட்டித்தது.

இன்னொரு குறையை லேசாகக் கடந்துவிடக் கூடாது. உணவுண்ணல் கோளாறால் அவதிப்படுபவர்களுக்குத் தட்டுக்குத் தட்டு எண் பார்ப்பது வதை. இங்கிலாந்தில் அவர்களுக்காக இயங்கும் ‘பீட்’ தொண்டு நிறுவனம் சட்டத்தை எதிர்த்தது. கேட்பவருக்கு எண் இல்லாத மெனு தரலாம் என்று அங்கே விதியில் இடம் வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளைகள் உள்ள உணவகங்கள், ஒரு பரிமாறலின் அளவையும் அதன் கலோரியையும் மெனுவில் காட்ட வேண்டும். ஒவ்வாமை விவரமும் தர வேண்டும். 2022 ஜூலை 1 முதல் இது நடப்பில் உள்ளது. கலோரிக் கணக்குக்கு வரையறுத்த அளவு வேண்டும். அளவுச் சாப்பாட்டுக்கு எண் எழுதலாம். இலையில் கேட்கக் கேட்கப் போடும் முழுச் சாப்பாட்டுக்கு எப்படி எழுதுவது? மெஸ், டீக்கடை, தள்ளுவண்டி ஆகியவற்றை இந்த விதி தொடவும் இல்லை. ஆனால் நகரங்களில் கிளை பரப்பியிருக்கும் பெரிய உணவகங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. அப்படிப்பட்ட கடையில் மெனுவில் எண் இல்லையென்றால், எங்கே என்று கேளுங்கள். காட்ட வேண்டியது அவர்கள் கடமை.