ஒதுக்கீடும் விதியும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தியச் சிறுவணிகத் தலைமை

மலேசிய இந்தியச் சிறுவணிகர்களுக்காகப் பேசும் தலைமையை எத்தனை மில்லியன் வெள்ளி ஒதுக்கீடு வாங்கித் தந்தது என்று அளப்பதே நம்மிடையே வழக்கம். 2024இல் மட்டும் மூன்று அறிவிப்புகள் வந்தன. தெக்குன் நேஷனல் வழி ‘ஸ்பூமி கோஸ் பிக்’ திட்டத்துக்கு 30 மில்லியன், அமானா இக்தியார் வழி இந்தியப் பெண்களுக்கான ‘பெண்’ திட்டத்துக்கு 50 மில்லியன், பேங்க் ராக்யாட்டின் ‘பிரீஃப்-ஐ’ கடன் திட்டத்துக்கு இன்னொரு 50 மில்லியன். இவை வேண்டாதவை அல்ல. ஆனால் இந்த அளவுகோல் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். மேருவிலும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஒரு கடையைச் சாய்ப்பது முதல் இல்லாமை மட்டுமன்று. உரிமம், ஆள்பலம், கடையிடம் ஆகியவற்றை ஆளும் விதிகளும்தான். ஒதுக்கீடு வாங்கிவரப் பழகிய தலைமை, விதியை மாற்றும் வேலைக்குத் தோதானதாக அமைவதில்லை.

இதற்கான சான்று பழைய வரலாற்றிலேயே உண்டு. விடுதலைக்குப் பின் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த வேளையில், 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1982இல் மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனத்திலும் போட்டது ஏழைகள் பணமே: ஏறத்தாழ 66,000 பேர், 106 மில்லியன் வெள்ளி. ஆகவே மக்கள் பணம் திரட்டினார்களா என்பதைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தது. உறுப்பினர்களின் சேமிப்பைப் பெரிதும் நம்பியது. மைக்காவின் எதிர்பார்ப்புகளோ அரசு தரும் பங்கு ஒதுக்கீட்டோடு பின்னிக்கிடந்தன. 1990இல் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கோடி டெலிகோம் பங்குகளில் பத்து லட்சம் மட்டுமே மைக்காவுக்கு வந்ததும், எஞ்சியவை வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனதும் பல ஆண்டுகள் நீடித்த சர்ச்சை. யார் குற்றம் என்பதை விட்டுவிடுவோம். ஒரு கையெழுத்தில் வரக்கூடியது இன்னொரு கையெழுத்தில் போகும் என்ற அமைப்புதான் இங்கே கவனிக்க வேண்டியது. 2010இல் மைக்காவின் பங்குகளைப் பங்கொன்றுக்கு 80 காசு என்ற விலையில் வேறொரு நிறுவனம் வாங்க முன்வந்தபோது, ஒரு வெள்ளி போட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டு காத்திருந்தவர்களுக்கு முதலே முழுதாகத் திரும்பவில்லை. கூட்டுறவுச் சங்கமோ இன்றும் தோட்டங்களோடு இயங்குகிறது.

விதியின் பக்கம் வருவோம். முடிதிருத்தும் நிலையங்கள், ஜவுளிக் கடைகள், பொற்கொல்லர் பட்டறைகள் ஆகிய மூன்றுக்கும் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க 2009 முதல் தடை இருந்தது. அதில் ‘இந்தியர்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் நம் வணிகம் சில தொழில்களிலேயே குவிந்து கிடப்பதால், பொதுவாக எழுதப்பட்ட விதி நம் தலையில் கூடுதலாக இறங்கியது. நாற்காலி இருந்தும் ஆளில்லாத முடிதிருத்தும் கடைக்காரருக்கு 50,000 வெள்ளிக் கடன் கொடுத்தால் இன்னொரு நாற்காலி வாங்கலாம், ஆள் வரமாட்டார். சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பின், 2023 செப்டம்பரில் இம்மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. பலர் சேர்ந்து மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் ‘கூட்டு’ பிடிப்பதும் இப்படி விதியில் சிக்கியதே. வங்கி வாசல் ஏறாத பல குடும்பங்களுக்குத் தொழில் முதல் அதிலிருந்துதான் வந்தது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க எழுந்த சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் முறைப்படுத்தப்பட்ட மாற்று வழி ஒன்றைக் கேட்டு எந்தத் தலைமையும் உரக்க வாதாடியதாகத் தெரியவில்லை.

இடைத்தரகுத் தலைமை இங்கே இவ்வளவு வேரூன்றியதற்கு ஊராட்சி அமைப்பும் காரணம். 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. உள்ளாட்சி மன்ற உறுப்பினர்கள் இன்றுவரை நியமனம் பெறுபவர்களே. கடை உரிமமும், தீபாவளிக் காலத்தில் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் யாருக்கு எத்தனை தற்காலிகக் கடை என்பதும் வாக்குக் கேட்டு வராத மன்றத்தின் முடிவுகள். ஆண்டு முழுதும் வாடகை கட்டும் கடைக்காரருக்கும் பண்டிகைக்கு மட்டும் வருபவருக்கும் மூளும் சச்சரவு, எழுதிவைத்த விதியால் தீராமல் தெரிந்தவரைப் பிடிப்பதால் தீர்கிறது என்றால், தெரிந்தவராக இருப்பதே தலைமையின் தகுதியாகிவிடும்.

மக்கள் தொகையில் ஏழு விழுக்காட்டைத் தொடும் சமூகம் விதியை மாற்றும் அளவுக்கு எப்படி வலுப்பெறும், கிடைப்பதை வாங்கிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம் என்பது வலுவான மறுப்பு. மூன்று துறைகளின் தடை நெகிழ 14 ஆண்டுகள் ஆனதே இந்த மறுப்புக்குச் சான்றாகவும் நிற்கிறது. ஆனால் ஒதுக்கீட்டுப் பாதையும் விரைவானதல்ல. ஒன்பதாவது மலேசியத் திட்டம் 2020க்குள் இந்தியர் பங்குடைமையை 3 விழுக்காடாக்குவோம் என்றது. 2004இல் அது 1.2 விழுக்காடு. இலக்கே அவ்வளவு தள்ளி வைக்கப்பட்டது. விதியின் பாதை எப்படிப் போகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அந்நாட்டின் இலத்தீன வணிகர்கள் 1979இல் தேசிய வணிகச் சபை அமைத்தார்கள். அங்கு 2010ஆம் ஆண்டு நிதிச் சீர்திருத்தச் சட்டத்தின் 1071ஆம் பிரிவு, சிறுதொழில் கடன் கேட்பவர்களின் இனத்தையும் பாலினத்தையும் கடன் தரும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்றது. அதற்கான விதி இறுதி வடிவம் பெற 13 ஆண்டுகள் பிடித்தன, பின்பும் இழுபறிதான். இருந்தும் யாருக்குக் கடன் மறுக்கப்பட்டது என்ற கேள்வியே அங்கு சட்டத்துக்குள் வந்துவிட்டது. இங்கோ அறிவிப்பில் வருவது தொகை. கடன் வாங்கியவர்களில் எத்தனை பேரின் கடை மூன்றாண்டு கழித்தும் திறந்திருக்கிறது என்று நம் சங்கங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இன அடிப்படையிலான உதவியே தவறு, தேவை அடிப்படை போதும் என்பாரும் உண்டு. விதியை நோக்கிய வாதாட்டம் இந்தச் சண்டைக்குள் சிக்குவதில்லை. முடிதிருத்தும் தொழிலுக்கு ஆள் கிடைத்தால் மலாய்க்காரர் கடைக்கும் அது பயன்.

எளிதில் தீராத மறுப்பு வேறொன்று. வெளிநாட்டுத் தொழிலாளர் வேண்டும் என்பது முதலாளியின் குரல். தோட்டத்தைவிட்டு வந்த குடும்பத்தின் பிள்ளை அதே கடையில் கூலிக்கு நின்றால், அவன் சம்பளம் அதனால் ஏறாமல் போகலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியானபோது கலங்கிய கடைக்காரரும் மகிழ்ந்த பணியாளரும் ஒரே சமூகம்தான். வணிகச் சங்கம் சமூகம் முழுமைக்கும் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும்வரை இந்த முரண் மறைந்தே கிடக்கும். தான் கடைக்காரருக்காகவே பேசுவதாக ஒப்புக்கொண்டு, கேட்கும் ஒவ்வொரு வெளிநாட்டு ஆளுக்கும் இணையாக எத்தனை உள்ளூர் இளைஞருக்குத் தொழில் பழக்குவோம், என்ன சம்பளம் தருவோம் என்பதை மனுவிலேயே எழுதிக் கொடுக்கும் சங்கத்தோடுதான் அமைச்சு கணக்காகப் பேரம் பேச முடியும். உறுப்பினர்களும் அந்தச் சங்கத்திடம் கணக்குக் கேட்க முடியும்.