வாப்பா கொண்டு வரும் பிஎஸ் 5: பொறுத்திருந்தால் விலை குறையுமா?



விடுமுறைக்கு ஊருக்கு வரும் வாப்பாமாரிடம் எங்கள் ஆண் பிள்ளைகள் கேட்கும் சாமான்களில் இப்போது முதலாவது பிஎஸ் 5 தான். கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பலருக்கு ஒரு மாதச் சம்பளம் அப்படியே அதற்குள் போய்விடும். விளையாடுவது கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். வரலாறு படிப்பிக்கும் நாம் பார்க்கக்கூடியது வேறொன்று. இந்தச் சாதனங்கள் ஆறேழு வருடங்களுக்கு ஒரு தடவை புதுத் தலைமுறை என்று வருகின்றன. அப்படி வந்தபோதெல்லாம் கொடுத்த காசுக்குப் பெறுமதி இருந்ததா?

முதலில் எங்கள் வீட்டுக் கதை. தொண்ணூறுகளில் நாம் "டீவி கேம்" என்று விளையாடிய பெட்டிகளில் பெரும்பாலானவை, நிண்டெண்டோ கம்பனி 1983 இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபெமிகொம் என்ற சாதனத்தின் நகல்கள். அதாவது பத்து வருடப் பழைய தொழில்நுட்பம். மரியோவும் கொன்ட்ராவும் ஆடிய எமக்கு அது பழையது என்று தெரியவும் இல்லை, குறையாகத் தோன்றவும் இல்லை.

அதே நிண்டெண்டோவில் குன்பெய் யொகொய் என்ற பொறியியலாளர் இருந்தார். புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், மலிந்துபோன பழைய தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1989 இல் அவருடைய குழு செய்த கேம் போயின் திரையில் வர்ணமே இல்லை. மங்கிய பச்சையில் கறுப்புப் புள்ளிகள்தான். அதே வருடம் அட்டாரியின் லிங்ஸும் அடுத்த வருடம் சேகாவின் கேம் கியரும் வர்ணத் திரையோடு வந்தன. பார்ப்பதற்கு அவைதான் அழகு. ஆனால் அவை ஆறு பெட்டரிகளை வாங்கிக்கொண்டு சில மணித்தியாலங்களில் தின்று தீர்த்தன. கேம் போய்க்கு நாலு பெட்டரி போதும், பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். அதோடு டெட்ரிஸ் விளையாட்டும் சேர்ந்து வந்தது. கடைசியில் கேம் போய், பின்னால் வந்த அதன் வர்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல் விற்றது. மற்ற இரண்டின் பெயரும் இன்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

புதியது என்றாலே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. 2000 இல் வந்த பிஎஸ் 2 கொடுத்த காசுக்குப் பெறுமதியானது. படம் பார்க்க டிவிடி ஓடும், முந்திய பிளேஸ்டேஷனின் சீடிகளும் அதில் வேலை செய்யும். 16 கோடி விற்றது சும்மா அல்ல. (எங்கள் ஊர்ப் பக்கம் அதில் ஓடிய சீடிகளில் ஒரிஜினல் எத்தனை என்ற கேள்வியை இப்போதைக்குக் கேட்காமல் விடுவோம்.)

இங்கேதான் முக்கியமான விடயம் வருகிறது. அமெரிக்காவில் பிஎஸ் 2 வந்தபோது விலை 299 டொலர். 2002 இல் 199, 2004 இல் 149, 2009 இல் 99. பிஎஸ் 3 இன் பெரிய மொடல் 2006 இல் 599 டொலர். மூன்றே வருடத்தில் அதன் மெலிந்த வடிவம் 299 க்கு வந்தது. சில்லைச் சிறிதாக்கிச் சிறிதாக்கிச் செலவைக் குறைத்தார்கள். பிஎஸ் 2 இன் இரண்டு பெரிய சில்லுகள் பிற்காலத்தில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டன. ஆகவே "கொஞ்சம் பொறு மகன், விலை இறங்கட்டும்" என்று சொன்ன வாப்பாமார் அன்று சரியாகத்தான் சொன்னார்கள். அவசரப்பட்டவர்களில் சிலர் நட்டப்பட்டதும் உண்டு. சேகாவின் டிரீம்காஸ்ட் 1998 இல் ஜப்பானில் வந்தது, 2001 இல் உற்பத்தியே நின்றது.

இன்று அந்தப் புத்திமதி செல்லாது. பிஎஸ் 5 டிஸ்க் மொடல் 2020 நவம்பரில் 499 டொலருக்கு வந்தது. ஐந்து வருடம் கழித்து, 2025 ஓகஸ்டில், அமெரிக்காவில் அதே சாதனத்தின் விலை 549 டொலராகக் கூட்டப்பட்டது. எக்ஸ்பொக்ஸின் கதையும் அதுதான். சில்லைச் சுருக்கினால் முன்னைப் போல செலவு குறைவதில்லை, அதற்கு மேல் அமெரிக்காவின் இறக்குமதி வரி வேறு. பழையதாகப் பழையதாக விலை ஏறுவது இந்தத் துறையில் நாம் முன்பு காணாத ஒன்று.

அப்படியானால் இப்போதே வாங்கிவிடுவதா? அதற்கு முன் பிள்ளை எதற்காகக் கேட்கிறான் என்று பாருங்கள். எங்கள் வகுப்புகளில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது ஃபுட்போல். பிஎஸ் 2 வந்து பதின்மூன்று வருடம் கழித்தும் அதற்கு பீபா 14 வந்தது. 2013 இல் வந்த பிஎஸ் 4 க்கு 2025 இல் எப்சி 26 வந்திருக்கிறது. பிஎஸ் 5 இல் கேம் சட்டென்று திறக்கும், படம் கூர்மை, அது உண்மை. ஆனால் வீட்டில் இருப்பது 4கே டீவி இல்லையென்றால் அந்தக் கூர்மையில் பாதி கண்ணுக்கே வராது. புதிய சாதனத்துக்கு மட்டும் வரும் கேம்கள்தான் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. அவற்றில் பல 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை என்பதையும் உம்மாமார் பெட்டியின் மேல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதென்றே முடிவு செய்த வாப்பாமாருக்கு ஒன்று. "டிஜிட்டல் எடிஷன்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அதில் டிஸ்க் போடும் வாய் இல்லை. பிஎஸ் 5 ப்ரோவும் அப்படித்தான், அதற்கு டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். பிஎஸ் 4 இல் ஆடிய டிஸ்க்குகளில் அநேகமானவை சாதாரண டிஸ்க் பிஎஸ் 5 இல் ஓடும். நானாவிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் டிஸ்க் கைமாறுகிற எங்கள் ஊருக்கு, ஐம்பது டொலர் மிச்சம் பிடிக்கப் போய் அந்த வாயை விட்டுவிடாதீர்கள்.