வார்டே வகுப்பறை



நமது வாலிபர் கூட்டத்தில் இப்போதெல்லாம் இரண்டு மூன்று நாற்காலிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. "எங்கே பிள்ளை?" என்று கேட்டால், "பிளேஸ்மென்ட் அங்கிள், இன்றைக்கு லோங் டே" என்று பதில் வருகிறது. நர்சிங் படிக்கும் நம் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை வார்டில் நிற்கிறார்கள். "படிக்கப் போன பிள்ளையை ஏன் இப்படி வேலை வாங்குகிறார்கள்?" என்று பெற்றோர் நம்மிடம் கேட்கிறார்கள். இது புதிய கேள்வி அல்ல. அது வந்த பாதையைச் சற்றுப் பார்ப்போம்.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்றொரு சிற்றூர். தியோடோர் ஃபிளீட்னர் 1822இல் அங்கே போதகராக வந்தார். சபையார் வேலை செய்துவந்த ஆலை நொடித்துப்போனது. சபையைக் காப்பாற்ற அவர் ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் போய் நன்கொடை திரட்டினார். அந்தப் பயணங்களில் சிறைகளிலும் ஏழைகள் நடுவிலும் நடந்த ஊழியத்தைக் கண்டார். 1836இல் அவரும் மனைவி ஃபிரீடெரிக்கேயும் ஒரு சிறு மருத்துவமனையைத் திறந்தார்கள். ரோமர் நிருபத்தில் வரும் பெபேயாளைப்போல, சபையின் ஊழியக்காரிகளாகப் பெண்களைப் பயிற்றுவிப்பதே அவர்கள் நோக்கம். முதலில் வந்தவர் ஒரு வைத்தியரின் மகள், கெர்ட்ரூட் ரைகார்ட். நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பதே அங்கே முறை.

1851இல் அங்கே மூன்று மாதம் தங்கிக் கற்றவர்களில் ஒருவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். அங்கிருந்த மருத்துவப் பராமரிப்பும் சுகாதாரமும் மிக மோசம் என்று பிற்காலத்தில் அவர் சொன்னாலும், அந்தப் பெண்களின் அர்ப்பணிப்பை மறக்கவில்லை. கிரிமியப் போருக்குப் பின் மக்கள் கொடுத்த நிதியைக்கொண்டு, 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பயிற்சி ஓராண்டு. தங்குமிடமும் உணவும் இலவசம். கைச்செலவுக்கு வருடம் 10 பவுண்டு. மாணவியரின் நடத்தையும் வேலைத்திறனும் மாதந்தோறும் பதிவேட்டில் குறிக்கப்பட்டன.

ஆனால் கட்டிலருகே கற்பது மெல்ல மெல்லக் கட்டிலருகே உழைப்பது மட்டுமாக மாறியது. விரிவுரைகள் ஒழுங்காக நடக்கவில்லை என்பதும், மாணவியர் வேலைக்காரிகளாகவே பயன்படுகிறார்கள் என்பதும் 1870களின் தொடக்கத்தில் நைட்டிங்கேலுக்குத் தெரியவந்தன. அவர் அதை மூடி மறைக்கவில்லை. படிப்பைக் கவனிக்க விடுதியிலேயே ஒரு சிஸ்டரை நியமிக்கச் செய்தார். மாணவியருக்குத் தாமே கடிதங்கள் எழுதினார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1873இல் பாஸ்டனில் பயிற்சி முடித்த லிண்டா ரிச்சர்ட்ஸ் தம் நினைவுகளை எழுதியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு எழும்பி, இரவு ஒன்பதுக்கு வார்டை விடுவார்கள். படுக்கையோ வார்டுகளுக்கு நடுவே உள்ள சிறு அறையில். இரவிலும் நோயாளி அழைத்தால் போகவேண்டும். மருந்துப் போத்தல்களில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். தாம் கொடுப்பது இன்ன மருந்து என்று அறியாமலே கொடுத்தார்கள். கை வேலை செய்தது. அறிவுக்குக் கதவு அடைத்திருந்தது.

நம் நாட்டுப் பக்கத்திலும் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. கட்டிலும் புத்தகமும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது அங்கேயும் உறுதியானது.

இங்கிலாந்தில் நெடுங்காலம் மாணவர்கள் சம்பளம் வாங்கி, வார்டின் ஆட்கணக்கில் சேர்ந்தே வேலை செய்தார்கள். 1986இல் 'புராஜெக்ட் 2000' திட்டம் வேறு வழி காட்டியது: மாணவர் மாணவராகவே வார்டுக்குப் போகவேண்டும், ஆள் குறைவை நிரப்ப அல்ல. இன்று படிப்பில் ஏறக்குறையப் பாதி வார்டில் நடந்தாலும், மாணவரை ஆட்கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதே விதி.

ஆகவே பிளேஸ்மென்ட் போகும் பிள்ளைகளே, நோயாளியைக் குளிப்பாட்டுவதையும் படுக்கை மாற்றுவதையும் சிறுமையாக எண்ணாதீர்கள். உடம்பின் நிலையை முதலில் காட்டித்தருவது அந்த வேலைதான். அதேசமயம், "இது என்ன மருந்து? ஏன் இந்த அளவு?" என்று கேட்கத் தயங்காதீர்கள். லிண்டாவுக்குக் கிடைக்காத உரிமை அது. நாள் முழுவதும் வெறும் கையாளாகவே வைத்திருந்தால், உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

சபையாராகிய நாமும் ஒன்று செய்வோம். ஆராதனைக்கு வராத பிள்ளையைக் குறை சொல்லாமல், ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கட்டி அந்த வீட்டுக்கு அனுப்புவோம். அவர்களுக்காக ஜெபிப்போம். அவர்களும் ஊழியத்தில்தான் இருக்கிறார்கள்.