இருதய நடுக்கமும் ஆய்வு விலங்குகளும்

இதயவறைத் தசை ஒருங்கே சுருங்காது, அதன் நார்கள் தத்தம் போக்கில் நடுங்குமாயின் குருதியோட்டம் நின்றுபோம். சில நிமிடங்களில் மரணம் நேரும். 1850இல் லுட்விக், ஹொஃபா என்னும் ஜேர்மானிய அறிஞர் மின்னோட்டத்தால் இந்நிலையை விலங்குகளில் உண்டாக்கினர். எனினும், இஃது ஆய்வுகூடத்து விந்தையாகவே நெடுநாள் கருதப்பட்டது.

மனிதரின் திடீர் மரணம் பலவற்றுக்கு இந்நடுக்கமே காரணமாகலாம் என 1889இல் துணிந்து கூறியவர் அபடீன் பல்கலைக்கழகத்து மக்வில்லியம். நாயின் இருதயம் நடுங்கத் தொடங்கின் மீளுதல் அரிது. எலியின் சிற்றிருதயமோ பெரும்பாலும் தானே மீண்டுவிடும். எலியை மாத்திரம் ஆராய்ந்தவன் இந்நடுக்கத்தைத் தீங்கற்றதென்றே எழுதிவைத்திருப்பான்!

இவ்வேறுபாட்டுக்கு 1914இல் அமெரிக்கரான கேரி ஒரு விளக்கம் கண்டார். நடுங்கும் இதயவறையை அவர் துண்டுகளாக வெட்டினார். 4 சதுர சதமமீற்றரினும் குறைந்த பரப்புடைய துண்டுகளில் நடுக்கம் அடங்கிற்று. நடுக்கம் நிலைபெறுதற்குப் போதிய தசை வேண்டுமென்பது அவர் முடிபு. சுண்டெலியின் இருதயத்திலும் அது நீடிக்கக்கூடுமென 1999இல் காட்டப்பட்டமையால், அம்முடிபு முற்றும் பொருந்துவதன்று.

1947இல் அமெரிக்க வைத்தியர் பெக், சிறுவனொருவனின் நடுங்கிய இருதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்டார். அதற்கு வழிகோலியவை நாய்களிற் செய்த சோதனைகளே. நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முறை துடிக்கும் சுண்டெலியிருதயம், பரம்பரையலகுகளை மாற்றி ஆராய்வதற்கு வாய்ப்பானது. ஆயினும், ஒவ்வொரு துடிப்பின் பின்னும் அதன் தசை மின்னிலை மீளும் முறை வேறு. முயலின் இருதயத்தில் அம்மீட்சி மனிதரதனைப் பெரிதும் ஒத்திருத்தலின், மருந்துகள் விளைக்கும் துடிப்புக்கோளாற்றைச் சோதிப்போர் முயலை நாடுகின்றனர்.