பாட்டியின் கைத் தழும்பு



உங்கள் வீட்டில் வயதான தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களுடைய மேல்கையைச் சற்று உற்றுப் பாருங்கள். காசு அளவில் ஒரு வட்டத் தழும்பு தெரியலாம். கேட்டால், "அதுவா? சின்ன வயசுல அம்மை குத்துனது" என்பார்கள். அந்தத் தழும்புக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

பெரியம்மை கண்ட பத்துப் பேரில் மூவர் மாண்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேர் அதற்குப் பலியானார்கள். மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று இங்கிலாந்தின் கிராமத்து மக்கள் பேசிக்கொள்வார்கள். எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர் அப்பேச்சைத் தள்ளிவிடவில்லை. 1796ஆம் ஆண்டு அப்படி ஒரு பெண்ணின் கைக் கொப்புளத்து நீரை எடுத்து, 8 வயதுச் சிறுவன் ஒருவனின் கையில் கீறி வைத்தார். பின்னர் பெரியம்மை நீரையே செலுத்தியும் அவனுக்கு நோய் வரவில்லை. 1802இல் அந்த மருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோரும் அம்மை குத்திக்கொண்டுதான் மலாயாவுக்கு வந்தார்கள்.

மருந்து கிடைத்துவிட்டது. அதோடு கதை முடிந்ததா? இல்லை! மருந்து இருந்தால் மட்டும் போதுமா? மக்கள் மனம் இசைய வேண்டாமா?

1955இல் இளம்பிள்ளை வாதத்திற்குத் தடுப்பூசி வந்தது. அமெரிக்காவில் பெற்றோர் தம் சிறு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் வயது வந்த வாலிபர்களோ, "இது சின்னப் பிள்ளைங்க வியாதிதானே, நமக்கென்ன?" என்று இருந்துவிட்டார்கள். 1956 அக்டோபரில் புகழ்பெற்ற பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். அதுவும் போதவில்லை. பிறகு இளைஞர்களே சங்கம் கூடி, வீடு வீடாகச் சென்று சக இளைஞர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். ஊசி போட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று நடன விருந்துகள்கூட நடத்தினார்கள்!

இன்னொருவர் கதையையும் கேளுங்கள். சோமாலியா நாட்டில் மெர்கா என்ற ஊரின் மருத்துவமனையில் அலி மாவ் மாலின் என்ற 23 வயது இளைஞர் சமையல் வேலை பார்த்தார். எல்லாருக்கும் அம்மை குத்தியபோது வலிக்குமே என்று பயந்து, ஊசி போட்டதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு நழுவிவிட்டார். 1977 அக்டோபரில் நோயாளிகள் வந்த வண்டிக்கு வழிகாட்டச் சென்றவரைப் பெரியம்மை தொற்றியது. நல்லவேளையாக உயிர் பிழைத்தார். உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவரே. 1980இல் அந்நோய் உலகை விட்டே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. பிற்காலத்தில் மாலின் இளம்பிள்ளை வாதத் தடுப்புப் பணியில் சேர்ந்தார். தயங்கிய தாய்மார்களிடம் தம் கதையையே சொல்லி மனம் மாற்றினார். 2013இல் இறக்கும்வரை அத்தொண்டை அவர் விடவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கல்லீரல் அழற்சி 'பி' நோய்க்கான ஊசி போடப்படுகிறது. 2010இல் 13 வயது மாணவியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இலவசமாக வந்தது. அப்புற்றுநோய் ஒரு கிருமியால் வருவது. கிருமி உடலில் சேருமுன்னே ஊசி போட்டால்தான் பலன் அதிகம்.

நம் பள்ளியில் படித்த ஒரு மாணவி படிவம் ஒன்றுக்குச் சென்றபோது, அவள் தாய் சம்மதப் பாரத்தில் கையெழுத்திடவில்லை. "பிள்ளை பிறக்காதுங்குறாங்களே டீச்சர்" என்றார். அது வெறும் வதந்திதான் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அந்த வாரம் கல்லூரி விடுமுறையில் வந்திருந்த அவர் அக்காள் மகள், அஞ்சடியில் அருகே உட்கார்ந்து, "சித்தி, நானும் போட்டுக்கிட்டேன். கை ரெண்டு நாள் வலிச்சுது, அவ்வளவுதான்" என்றாள். மறுநாள் பாரத்தில் கையெழுத்து விழுந்தது! என் பாடம் செய்யாததை அவள் ஒரு சொல் செய்துவிட்டது.

ஆகவே, கல்லூரியில் பயிலும் எம் முன்னாள் மாணவர்களே! உங்கள் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். விடுபட்டது எதுவென்று மருத்துவரிடம் கேளுங்கள். விடுமுறைக்குத் தோட்டத்திற்கு வரும்போது தம்பி தங்கையருக்கும், வாசலில் உட்கார்ந்திருக்கும் அத்தை, சித்திமாருக்கும் விளக்குங்கள். பெற்றோர்களே! அடுத்த ஆண்டு உங்கள் மகள் பாரம் கொண்டுவருவாள். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் தாதியரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் பயந்து பாரத்தை மூலையில் போட்டுவிடாதீர்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவு. பாட்டியின் கைத் தழும்பு நமக்குச் சொல்லும் பாடமும் அதுவே.